முன்சீட்டோடு வந்த நர்ஸ்

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே வாங்கிய பழைய ஜீப்பின் முன்சீட்டில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரர் எதையும் ஒளிக்கவில்லை. தரைத்தகடு இற்றுப்போய்க் கீழே மண் தெரிகிறது, நாலு டயரும் நாலு வண்டியிலிருந்து வந்தவை, இன்ஜின் சுற்றும் ஆனால் பிடிக்காது, பின்கதவு கயிற்றில் நிற்கிறது, முன்சீட்டில் இடதுபுறம் ஒரு நர்ஸம்மா இருக்கிறார், அவர் இறங்க மாட்டார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். அடியில் படுத்துச் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். துருவுக்கு உள்ளே இரும்பு இன்னும் இரும்பாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு எழுந்து, சட்டையை உதறி, அதற்குப் பிறகுதான் முன்சீட்டுப் பக்கம் குனிந்து அந்த அம்மாள் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். வெள்ளைச் சீருடையில், மடியில் தோல்பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்த நர்ஸ், "பிரசவத்துக்குங்க. மேட்டுக் குவாரிக்கு," என்றாள். வண்டி கிளம்பியதும் முதல் வேலையாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். அவள் முகத்தில் பெரிய மலர்ச்சி ஒன்றும் வரவில்லை. இதற்கு முன் அந்த ஜீப்பை வாங்கிய அத்தனை பேரும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, தெருவில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் புருஷன் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார் என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயுமே போய்வந்த மனிதர், இனி குறுக்கே போக வேண்டும், அதுவும் பாதை இல்லாத இடத்தில் போக வேண்டும் என்று ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். ஓட்டத் தெரியாதே என்றால், முதலில் வண்டி சரியாகட்டும், ஓட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அன்று மதியம் இழுவை லாரி வந்து நின்றபோது அவள் வாயில் குண்டூசியோடு எட்டிப் பார்த்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் செருகிவிட்டுத்தான் வெளியே வந்தாள், ஏனென்றால் பேச வேண்டியது நிறைய இருந்தது.

"யாருங்க இது?"

"வண்டியோட வந்தது."

"வண்டியோட ஜாக்கி வரும், உபரி டயர் வரும். பொம்பளை வருமா?"

"இறங்க மாட்டாங்களாம்மா. டூட்டியில இருக்காங்க."

"நல்லா இருக்கே! மனுஷனுக்குப் பொழுது போகணுமேன்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா, ஆளோட வண்டி வாங்கிட்டு வந்து நிக்கறீங்க. தெருவுல ஒரு ஜன்னல் சாத்தியிருக்கா பாருங்க."

அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸ், கோபமோ கூச்சமோ இல்லாமல், "அக்கா, என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. டூட்டியில பசி கிடையாது, தூக்கம் கிடையாது, மத்தது எதுவும் கிடையாது. டீ கொடுத்தா குடிப்பேன், அதுவும் மரியாதைக்கு," என்றாள். தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை. இடுப்பில் மட்டும் தையல் விட்டுப்போயிருந்தது. "அந்தத் தையல் விட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள். "வருஷம்னு கேளுங்க அக்கா," என்றாள் நர்ஸ். உள்ளே போய் ஊசி நூலோடு வந்து, சீட்டில் இருந்தபடியே அவளைக் கொஞ்சம் சாயச் சொல்லி அந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தாள் தையல்காரி. நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது பாதிக் கோபம் போய்விட்டது. மீதியைப் புருஷனுக்காக வைத்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன், ஊருக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் கல்குவாரியின் காவல்காரர், தன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று குவாரி டிரைவரோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட வந்தார். நர்ஸுக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய நர்ஸ் ஒரு விதியை அவளுக்கு அழுத்திச் சொல்லியிருந்தார்: ஒரு பிரசவத்துக்கு வண்டி ஏறினால் அந்த வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும், நடுவில் இறங்கினால் நாலு பேர் கையைப் பிடித்து நாலு வீட்டுக்கு இழுப்பார்கள், முதலில் கூப்பிட்டவள் அம்போ என்று கிடப்பாள். குன்றின் அடிவாரத்தில் ஜீப் நின்றது. டிரைவர் இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். நர்ஸ் இறங்கவில்லை. காவல்காரரைக் கூப்பிட்டு, "நீங்க முன்னாடி நடந்து போங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் முக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்று அனுப்பினாள். அவர் மூச்சிரைக்க ஏறிப்போய் அதை அப்படியே சொன்னார். அவர் மனைவி சொன்ன சொல்லைத் தட்டாத பெண். முக்கவில்லை. அன்றிலிருந்து முக்காமலே இருக்கிறாள்.

அந்தப் பாதையில் வேறு வண்டி ஏறாது. டிராக்டர் கட்டி ஜீப்பை இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுந்து, டிராக்டர்காரர் தன் உயிர் பெரிது என்று போய்விட்டார். குவாரியை மூடியபோது ஜீப்பை விற்றார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். காவல்காரர் மட்டும் எங்கேயும் போகவில்லை, போக முடியாது, வீட்டில் பிரசவம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒருவர் கஷ்டப்பட்டு நடந்தே போய்ப் பார்த்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, முக்கினால் பிறந்துவிடும் என்றார். "நர்ஸம்மா வந்து சொல்லட்டுங்க," என்றாளாம் அவள். டாக்டர் இறங்கி வந்துவிட்டார்.

"அப்ப அந்தக் காவல்காரர்கிட்டயே முக்கச் சொல்லுன்னு சொல்லி அனுப்பேன்," என்று தையல்காரி முதல் வாரத்திலேயே நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "வயித்துல கை வச்சுப் பார்க்காம எப்படிக்கா சொல்றது? குழந்தை எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ என்னவோ. தெரியாம சொல்லி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைப்பதில்லை என்பதில் தையல்காரியும் பிடிவாதக்காரிதான்.

பழைய வண்டியைச் சீர்படுத்துகிறவர்கள் முதலில் செய்வது அதைக் கொலை செய்வது. லிஃப்ட் மெக்கானிக் அதை உற்சாகமாகச் செய்தார். கதவு, மூடி, விளக்கு, ரேடியேட்டர், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டின் பக்கச் சந்தில் பரப்பினார். நட்டுகள் பிஸ்கட் டின்களில் மண்ணெண்ணெயில் ஊறின. குளியலறை வாளியில் கார்புரேட்டர் கிடந்தது. தரைத்தகட்டை வெட்டியெடுக்க வேண்டிய நாள் வந்தபோது முன்சீட்டைக் கழற்றாமல் முடியாது என்றாகிவிட்டது. நர்ஸ் யோசித்துப் பார்த்து, சீட்டு வண்டியின் உறுப்பு, ரிப்பேருக்காகக் கழற்றி வைத்தால் அது இறங்கியதாகக் கணக்காகாது என்று ஒத்துக்கொண்டாள். மெக்கானிக், வெல்டர், பக்கத்து வீட்டு டிரைவிங் மாஸ்டர் மூவரும் வந்தார்கள். தையல்காரியும் ஒரு கை கொடுக்கப் போனாள்.

"நீங்க விடுங்க அக்கா. மூணு பேரே தூக்கட்டும்," என்றாள் நர்ஸ்.

"ஏன்? நான் தூக்கக் கூடாதா?"

"நாலு பேர் தூக்கினா பார்க்கறவங்க வேற மாதிரி நினைச்சுக்குவாங்க."

வெல்டருக்குச் சிரிப்பு தாங்காமல் சீட்டை ஒரு பக்கம் சாய்த்துவிட்டான். அப்படிச் சாய்ந்தும் நர்ஸ் விழவில்லை. பையை மட்டும் இறுக்கிக்கொண்டாள். முன்னறையில், தையல் மெஷினுக்கு எதிரே, சீட்டை இறக்கி வைத்தார்கள். இரண்டே நாள்தான், தகட்டை மாற்றியதும் பூட்டிவிடலாம் என்றார் மெக்கானிக். சீட்டு அங்கே நாலு வருஷம் இருந்தது.

அந்த நாலு வருஷத்தைத் தையல்காரி தன் வாழ்க்கையின் நல்ல காலம் என்று பிற்பாடு யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் அதுதான் உண்மை. மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான்; விடுமுறை நாளில் போன் செய்து, "அம்மா, அந்தப் பொம்பளை இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வைப்பான். புருஷன் காலையில் வண்டிக்கு அடியில் போனால் சாப்பாட்டுக்குக் கால் மட்டும்தான் முதலில் வெளியே வரும். பேசுவதற்கு ஆளில்லாமல் மெஷினின் கடகடவைக் கேட்டே நாளைக் கழித்தவளுக்கு எதிரே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தது போலாயிற்று. நர்ஸ் பட்டன் தைத்தாள், நூல் கோத்தாள், அளவு கொடுக்க வந்தவர்களின் வயிற்றைப் பார்த்தே, "இதை இன்னும் ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க அக்கா, அவங்களுக்கே இன்னும் தெரியாது," என்று சொல்வாள்; சொன்னது ஒருமுறைகூடத் தப்பவில்லை. தையல்காரிக்கு நெற்றியோரம் நரைத்துக்கொண்டு வந்தது. நர்ஸுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. டூட்டி நேரம் வயதில் சேராது என்று அவள் சொன்னாள். "அப்ப எனக்கும் ஒரு டூட்டி போட்டுக் கொடேன்," என்றாள் தையல்காரி.

வருஷத்துக்கு இரண்டு முறையாவது காவல்காரர் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே வராமல் நிலைப்படியோடு நின்று, "ஆச்சுங்களா?" என்பார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். "சரிங்க. அவசரம் ஒண்ணும் இல்லீங்க. வலிதான் இருக்கு," என்பார் காவல்காரர். நர்ஸ் அவரிடம் வலி எத்தனைக்கொரு தடவை வருகிறது, கால் வீங்கியிருக்கிறதா, குழந்தை அசைகிறதா என்று விசாரிப்பாள். அவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வார். வலி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், விட்டதும் எழுந்து பாத்திரம் கழுவுகிறாள், ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை போடுகிறாள். வெந்நீர் அடுப்பில் தயாராகத்தான் இருக்கிறது, ஒரு நாளும் அணைத்ததில்லை. முதல் தடவை வந்தபோது அவர் மீசை பாதி கறுப்பாக இருந்தது. பிறகு அது முழுக்க வெளுத்துவிட்டது. அவர் மனைவிக்கு டூட்டி இல்லாததால் அவளுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. "முன்ன மாதிரி தெம்பு இல்லீங்க அவளுக்கு," என்று ஒருமுறை சொன்னார். நர்ஸ் அன்று முழுக்கப் பட்டன் தைக்கவில்லை.

ஜீப் மூன்றாவது வருஷத்திலேயே ஓடுகிற நிலைக்கு வந்துவிட்டது. புதுத் தகடு, பச்சை வண்ணம், ஒரே அளவில் நாலு டயர். மேல்படுதாவைத் தையல்காரியே இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள், ஊசி முறிந்துகொண்டே இருந்தது. இன்ஜின் முதல் முறை பிடித்தபோது தெருவே வெளியே வந்து நின்றது. மெக்கானிக் மட்டும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு சத்தம் வருது," என்றார். லிஃப்ட் வேலையில் அது சட்டம்: எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு சின்னச் சத்தம் இருந்தாலும் ஆளை ஏற்றக் கூடாது. அவர் முப்பது வருஷம் அப்படி இருந்து, ஒரு லிஃப்டும் அறுந்து விழாமல் ஓய்வு பெற்றவர். கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தார். பூட்டினார். வேறு சத்தம் வந்தது. டைனமோவைக் கழற்றினார். அந்தச் சத்தம் போனதும் அதற்கு அடியில் ஒளிந்திருந்த முனகல் ஒன்று கேட்டது. பழைய ஜீப் என்பது சத்தங்களைக் கட்டிவைத்த மூட்டை என்று வெல்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "ஏறி உட்கார்றது வெறும் ஆள் இல்லப்பா. நர்ஸ்," என்றார் மெக்கானிக்.

இதற்கு நடுவே நர்ஸின் நச்சரிப்பு தாங்காமல் தையல்காரி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கண்ணாடி போட்டும் கையில் இருக்கிற ஸ்பேனரைத் தேடுகிற மனிதர் மலையேற்ற மாட்டார், வேறு ஆள் வேண்டும் என்பது நர்ஸின் கட்சி. டிரைவிங் மாஸ்டர் தன் பழைய காரில் சொல்லிக்கொடுத்தார். "அம்மா, அது கிளட்ச். தையல் மெஷின் மாதிரி மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க," என்று கெஞ்சுவார். "மெஷின்ல ஒருத்தரும் இப்படிக் கத்த மாட்டாங்க," என்பாள் இவள். லைசென்ஸ் வாங்கி வந்த அன்று நர்ஸிடம்தான் முதலில் காட்டினாள்.

அந்த வருஷம் ஒரு நாள் மதியம், துணி உலர்த்தச் சந்துப் பக்கம் போனவள், மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்தாள். காலையில் தானே முறுக்கிய சைலன்சரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஸ்பேனர் வைத்து மெல்லத் தளர்த்திக்கொண்டிருந்தார். தளர்த்தி முடித்து வெளியே வந்து, இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, "சத்தம் வருது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏமாற்றுகிறவர் முகம் அல்ல அது. நிஜமாகவே கவலைப்படுகிறவர் முகம். வண்டி முடிந்துவிட்டால் மறுநாள் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாதவர் முகம். தையல்காரி ஈரத்துணியோடு சத்தமில்லாமல் உள்ளே திரும்பினாள். சொல்லியிருக்கலாம். எதிரே நர்ஸ், "என்னக்கா, துணியைக் காயப் போடாமலே வந்துட்டீங்க?" என்றாள். "வெயில் இல்லை," என்றாள் இவள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்ச்சீட்டு காலியான அறையை அவளாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை.

அப்படியே ஒரு வருஷம் போனது. பிறகு ஒரு காலையில் காவல்காரர் வந்தார். வழக்கம்போல் செருப்பைக் கழற்றினார், ஆனால் "ஆச்சுங்களா?" என்று கேட்கவில்லை. நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தையல்காரி தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுச் சொம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இத்தனை வருஷத்துல அவ என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லீங்க. நேத்து மொத தடவையா கேட்டா. நர்ஸம்மா நெசமா வர்றாங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களான்னு."

"அசைவு?" என்றாள் நர்ஸ்.

"குறைஞ்சிருக்குங்க. முந்தாநாள்லேர்ந்து. கை காலெல்லாம் ஜில்லுனு இருக்கு அவளுக்கு."

நர்ஸ் பையைத் திறந்தாள். கையுறை, கத்தரிக்கோல், நூல், கிருமிநாசினி எல்லாம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூடும்போது கொக்கி அகப்படாமல் விரல் நழுவியது. அந்த விரல்கள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறித் தையல்காரி பார்த்ததில்லை. "அக்கா," என்றாள் நர்ஸ், "இன்னைக்கு." அவ்வளவுதான் சொன்னாள்.

சந்தில் மெக்கானிக் ஜாக்கி போட்டு, கியர்பாக்ஸின் போல்ட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்திருந்தார்.

"முறுக்குங்க," என்றாள் தையல்காரி.

"என்னம்மா?"

"கழட்டினதைத் திருப்பி முறுக்குங்க. நர்ஸைக் கொண்டுபோய் விடணும்."

"இன்னும் அந்த முனகல் போகலையே. மேட்டுல ஏறும்போது ஏதாவது ஆச்சுன்னா? யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"உனக்குத் தெரியாதும்மா. சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியாம வண்டியை எடுக்கக் கூடாது."

"எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். சைலன்சர் கிளாம்பை நீங்க தளர்த்தறப்போ நான் பார்த்தேன். பார்த்துட்டு நானும் கம்முனு இருந்தேன், அது என் தப்பு. அங்க ஒருத்தி இத்தனை வருஷமா சத்தமே போடாம படுத்திருக்கா. உங்க காதுக்கு அது ஒரு நாளாவது கேட்டுச்சா?"

அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "முடிஞ்சுட்டா அப்புறம் நான் என்ன பண்றது?" என்று, கடைத்தெருவில் வழி கேட்கிறவரைப் போலக் கேட்டார். "அதை வந்து பேசிக்கலாம். இப்ப முறுக்குங்க," என்றாள். அவர் படுத்து முறுக்கினார். வெல்டரையும் டிரைவிங் மாஸ்டரையும் கூப்பிட்டுச் சீட்டைத் தூக்கி வந்து பூட்டினார்கள். இந்த முறை தையல்காரியும் ஒரு கை கொடுத்தாள், நாலு பேர் ஆனதை யாரும் கவனிக்கவில்லை. காவல்காரரும் மெக்கானிக்கும் பின்னால் ஏறினார்கள். மெக்கானிக் கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். டிரைவிங் மாஸ்டர் ஜன்னலோரம் குனிந்து, "அம்மா, கிளட்ச்..." என்று ஆரம்பித்தார். தையல்காரி வண்டியை எடுத்துவிட்டாள்.

ஊரைத் தாண்டும் வரை ஒழுங்காக இருந்த ஜீப், அடிவாரத்தில், முன்பு நின்ற அதே இடத்துக்கு வந்தபோது தன்னிடமிருந்த சத்தம் முழுவதையும் ஒரே நேரத்தில் எடுத்து வெளியே போட்டது. முனகியது, கரகரத்தது, தகடு தகடாகத் தட்டியது, அடியில் யாரோ மரம் அறுப்பது போல அறுத்தது. பின்னாலிருந்து மெக்கானிக், "அது ஸ்பிரிங் பட்டை. விடு. இது டைனமோ. ஒண்ணுமில்லை. சின்ன கியருக்கு வா, நாலு சக்கரத்தையும் போடு, அந்தக் குட்டைக் கம்பி, அதேதான்," என்று ஒவ்வொரு சத்தத்தையும் பெயர் சொல்லி அனுப்பிக்கொண்டே வந்தார். பாதை என்று எதுவும் இல்லை. உருண்ட கற்களும் நடுவே முள்ளும்தான். ஓரிடத்தில் முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. தையல்காரிக்கு ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. நர்ஸ் தன் முந்தைய பயணத்தில் பாதியில் நிறுத்திய பேச்சைத் தொடர்கிறவள் போலக் காவல்காரரிடம் திரும்பி, "வெந்நீர் இருக்கில்ல?" என்று கேட்டாள். "கொதிக்குதுங்க," என்றார் அவர்.

குவாரியின் விளிம்பில் ஒற்றை ஓட்டு வீடு. ஜீப் வாசல் வரை போய் நின்று, இன்ஜினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தானாகவே குலுங்கியது. நர்ஸ் கதவைத் திறந்து ஒரு காலை மண்ணில் வைத்தாள். எல்லாரும் எதையோ எதிர்பார்த்து நின்றார்கள். "கால் மரத்துப்போச்சு," என்றாள் அவள். தையல்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை உதறினாள், பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்க் கையைக் கழுவினாள்.

கட்டிலில் படுத்திருந்தவளின் தலை பாதி நரைத்திருந்தது. நர்ஸைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"படும்மா. கொஞ்சம் நேரமாயிடுச்சு. வண்டி ரிப்பேர்."

"பரவாயில்லீங்க," என்றாள் அவள். "நான் முக்கவே இல்லீங்க."

"தெரியும்மா," என்றாள் நர்ஸ். வயிற்றில் கையை வைத்தாள். கண்ணை மூடி, ஒரு பக்கமும் மறு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். வாசலில் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக் கேட்கும் அந்த முகபாவம் அவருக்குப் பழக்கமானது. ஆனால் நர்ஸ் அதிக நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "சரியாத்தான் இருக்கு. இப்ப முக்கு," என்றாள். அவள் முக்கினாள். அவ்வளவு வருஷம் சேர்த்துவைத்த முக்கலில் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது, குவாரிக் குட்டையில் தண்ணீர் தளும்பிக் கரையேறியது, கீழே ஊரில் டிரைவிங் மாஸ்டர் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடி வந்தார். பெண் குழந்தை. எடை சாதாரணமாகப் பிறக்கும் குழந்தைகளின் எடைதான். முடி மட்டும் இடுப்பைத் தொட்டது. தையல்காரி அதைத் துடைத்துப் பின்னிவிட வேண்டியிருந்தது. நகமும் வெட்ட வேண்டியிருந்தது. அழுகை, தாமதமாக வந்ததற்கு எல்லாரையும் சேர்த்துத் திட்டுவது போல இருந்தது.

நர்ஸ் தொப்புள்கொடியை அறுத்து, குழந்தையைத் தாயின் மேல் கிடத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "அக்கா, பசிக்குது," என்றாள். அங்கேயே இருந்த சோற்றையெல்லாம் சாப்பிட்டாள். திரும்பி வரும் வழியில் தூங்கி, தையல்காரி வீட்டுக் கட்டிலில் வாரக்கணக்கில் தூங்கி, எழுந்தபோது காதோரத்தில் முதல் நரை வந்திருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு மறுபடி வேலையை ஆரம்பித்தாள். வேறு வண்டி ஏறாத இடங்களுக்கெல்லாம் தையல்காரிதான் கூட்டிப் போனாள். மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து வந்தார். பிறகு அவருக்கும் அது பழகிவிட்டது. பிரசவம் நடக்கும் வீடுகளில் வெளியே காத்திருக்கும் ஆண்களோடு பேசிக்கொண்டிருப்பது அவர் வேலையாயிற்று.

குவாரி வீட்டுப் பெண்ணை வயது வந்ததும் ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். எப்போது பிறந்தாள் என்று கேட்டபோது காவல்காரர் பிறந்த நாளைச் சொன்னார். எப்போது பிறந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெண். ஒரே ஒரு விஷயம்தான்: அவளுக்குக் காத்திருக்க வராது. வரிசையில் நிற்க மாட்டாள், மணி அடிக்கும் முன்பே வெளியே போய்விடுவாள், சோறு வேகும் முன்பே தட்டோடு வந்து உட்காருவாள். மாலையில் பள்ளி விட்டதும் மேட்டுப் பாதையில் பையை ஆட்டிக்கொண்டு ஓடுவாள். பின்னால் அவள் அம்மா, தலை முழுக்க வெளுத்தவள், "கொஞ்சம் நில்லுடி," என்று சொல்லிக்கொண்டே ஏறுவாள். அவள் நிற்பதில்லை. அதற்காக அந்த ஊரில் யாரும் அவளைத் திட்டுவதும் இல்லை.